மதிப்புச் சங்கிலி: சொல் விளக்கம்

நீலகிரியில் உழவர் கூட்டம் எதற்குப் போனாலும் 'வேல்யூ செயின்' என்ற சொல் காதில் விழுகிறது. தமிழில் மதிப்புச் சங்கிலி என்று எழுதுகிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் ஜாம், ஊறுகாய், ராகி பிஸ்கட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் மதிப்புக் கூட்டல். சங்கிலியில் அது ஒரு கண்ணிதான்.

விளைபொருள் விதையாக இருப்பதிலிருந்து சாப்பிடுபவர் தட்டுக்குப் போகும்வரை யார் யார் கைக்கு மாறுகிறது, ஒவ்வொருவரும் அதில் என்ன சேர்க்கிறார்கள், என்ன எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதே இந்தச் சொல்லின் வேலை. சரக்கு போகிற பாதையை மட்டும் சொல்ல விநியோகச் சங்கிலி போதும். யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்தால்தான் இந்தச் சொல் வேண்டும்.

ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடா பக்கத்துக் கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விதை கடையில் வாங்கியது. பிடுங்கக் கூலி, கழுவும் மெஷினுக்கு வாடகை, அப்புறம் சாக்கு, லாரி. மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குக் கூலியும் கமிஷனும். அங்கிருந்து சென்னைக்கோ கேரளத்துக்கோ. இத்தனை பேரில் கூலியும் வாடகையும் வாங்குபவர்களுக்குத் தொகை முன்பே பேசி முடிந்திருக்கும். விளைவித்தவருக்கு மட்டும் அன்றைய ரேட்டில் எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான். சிறு விவசாயியின் நிலையை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

சொல்லைப் பரப்பியவர் ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர், 1985-ல். அவர் பேசியது ஒரே நிறுவனத்துக்குள் நடக்கும் வேலைகளை. வயல், மண்டி எல்லாம் அதில் பிறகு வந்து சேர்ந்தவை. பிரெஞ்சு வேளாண் ஆய்வாளர்கள் அதற்கு முன்பே இதே பொருளில் 'ஃபிலியேர்' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு இழை என்று பொருள்.

தமிழில்? சங்கிலி வடமொழி 'சிருங்கலா'விலிருந்து வந்தது. அதில் தவறொன்றும் இல்லை, கழுத்துச் சங்கிலியை யாரும் வேறு பெயரில் கேட்பதில்லை. ஆனால் தொடர் என்ற சொல்லுக்கே பழந்தமிழில் சங்கிலி என்ற பொருள் உண்டு. சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னைச் சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஒப்பிட்டு 'தொடர்ப்படு ஞமலி' என்கிறார் (புறநானூறு 74). ஆகவே என் ஓட்டு 'மதிப்புத் தொடர்' என்பதற்கு. விளைபொருள் மதிப்புத் தொடர், தேயிலை மதிப்புத் தொடர் என்று நீட்டவும் வசதி.

இப்போது இதனோடு ஊட்டச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: 'ஊட்டம் சார்ந்த மதிப்புத் தொடர்'. பணத்தோடு சத்தும் எந்த இடத்தில் கூடுகிறது, எங்கே கழிகிறது என்று பார்ப்பது. இந்த மலையில் அந்தக் கணக்கு சுவாரசியமானது. ராகியும் சாமையும் விளைந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு வந்தது, பிறகு தேயிலை. பச்சைத் தேயிலை எடை போட்டுக் காசு வாங்கலாம், அடுப்பில் ஏற்றிப் பசியாற முடியாது. காசு கடைக்குப் போய் அரிசியாகத் திரும்புகிறது. ராகியில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் சுமார் 10.

2023 மே மாதம் தமிழக அரசு, நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. தருமபுரி ராகி விளையும் மாவட்டம். அங்குள்ள விவசாயிக்கு இது விற்க ஒரு வழி, சாப்பிடவும் ஒரு வழி. நீலகிரிக்காரருக்குச் சாப்பிடுகிற முனை மட்டும் கைக்கு வந்திருக்கிறது. ராகி இங்கே மலையேறி வரும் சரக்கு.