ரிப்போர்ட் எல்லாம் நோர்மல், பிறகேன் நெஞ்சு படபடக்கிறது?

"ஈசிஜி நோர்மல், இரத்தம் நோர்மல், ஸ்கானும் நோர்மல், பிறகேன் டொக்டர் எனக்கு இப்படி நெஞ்சு அடிக்குது?" என்று கேட்டு வருகிறவர்கள் எங்கள் கிளினிக்கில் குறைவதே இல்லை. அவர்களில் பலருக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும் பதில், "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, சும்மா யோசிக்காதேங்கோ" என்பதுதான். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. நெஞ்சு உண்மையாகவே வேகமாக அடிக்கிறது, வயிறு உண்மையாகவே எரிகிறது, அதைச் செய்விக்கிற சுரப்பிகளுக்குப் பெயரும் இடமும் இருக்கிறது. அதை நோயாளிக்கு விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும்.

வளவுக்குள் பாம்பைக் கண்டால் என்ன நடக்கும்? சிறுநீரகங்களின் தலைப்பக்கத்தில் இருக்கிற அதிரினல் சுரப்பிகள் சில செக்கன்களில் அதிரினலின் என்கிற ஹோர்மோனை இரத்தத்துக்குள் விடும். இதயம் வேகம் பிடிக்கும், பிரஷர் ஏறும், கண்மணி விரியும், குடலுக்குப் போகிற இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்பும், ஈரல் சேமித்த குளுக்கோசைக் கொட்டும். ஓடவோ தடியெடுக்கவோ உடம்பு தயார். அமெரிக்க உடலியலாளர் வோல்டர் கனன் 1915 இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். அடுத்த சில நிமிடங்களில், மூளையின் அடியில் இருக்கிற கபச்சுரப்பி சொல்லி, அதே அதிரினல் சுரப்பிகள் கோட்டிசோல் என்கிற இன்னொரு ஹோர்மோனையும் சுரக்கும். பாம்பு போனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும்.

ஆனால் நுண்கடன் காசு கேட்டு வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் உடம்பு இதையேதான் செய்கிறது. வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டின காசு, ஏஎல் ரிசல்ட்ஸ், சீதனப் பேச்சு, எல்லாவற்றுக்கும் இதேதான். பாம்பு போய்விடும், கடன் போகாது, அதனால் கோட்டிசோலும் மாதக்கணக்கில் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்கும்.

நீரிழிவு உள்ளவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அதே குளிசை, அதே குத்தரிசிச் சோறு, ஆனால் வெறும் வயிற்றுச் சீனி மட்டும் ஏறியிருக்கும், வீட்டில் "களவாய்த் தின்றிருக்கிறார்" என்று சண்டையும் நடந்திருக்கும். கோட்டிசோல் ஈரலைக் கொண்டு புதிதாகக் குளுக்கோஸ் செய்விக்கும், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். ஓடினால் தசை அந்தச் சீனியை எரிக்கும், கதிரையில் இருந்து யோசித்தால் அது இரத்தத்திலேயே நிற்கும். ஆகவே சாப்பாட்டை மட்டும் விசாரிக்காமல், வீட்டில் என்ன பிரச்சினை என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, கை விறைப்பு. பதற்றத்தில் ஆழமாக, வேகமாக மூச்செடுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும், அதனால் கல்சியம் வேலைசெய்கிற விதமும் மாறி, விரல்களும் வாயைச் சுற்றியும் விறைக்கும், சிலருக்குக் கை மடங்கிப் பிடித்துக்கொள்ளும். பாரிசவாதம் என்று பயந்து இன்னும் வேகமாக மூச்செடுப்பார்கள், விறைப்பும் கூடும். இதற்காக முகத்தில் பையை வைத்துப் பிடிக்கவேண்டாம், அது ஆபத்து.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு விஷயமும் இருக்கிறது. போர் நேரத்தில், 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் நடந்தவர்கள், பங்கருக்குள் பிள்ளையைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள், இன்றைக்கும் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் திடுக்கிட்டு வியர்த்துப்போகிறார்கள். அது கோழைத்தனமே இல்லை. உயிர் காக்க மூளை அன்று பழகிக்கொண்டது, சத்தம் கேட்டதும் யோசிக்க முன்னமே அதிரினலினைத் திறந்துவிடுகிறது. பகிடி பண்ணாதீர்கள். தயவுசெய்து.

சரி, ஒரு எச்சரிக்கை. நெஞ்சுநோவை "டென்ஷன்தான்" என்று வீட்டிலேயே முடிவெடுக்கக்கூடாது. மாரடைப்பு, தைரொயிட், இரத்தச்சோகை இவற்றிலும் படபடப்பு வரும். அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு நோவே இல்லாமல், களைப்பாகவும் வியர்வையாகவும் மட்டும் வரலாம். முகம் கோணினாலோ, ஒருபக்கக் கைகால் இயங்காவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ அது பதற்றம் என்று காத்திருக்கவேண்டாம். உடனே 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

பரிசோதனையெல்லாம் முடிந்து வேறு காரணம் இல்லையென்றால், மூச்சிலிருந்து தொடங்கலாம். மூக்கால் நாலு செக்கன் உள்ளே, ஆறு செக்கன் வெளியே, ஐந்து நிமிடம். மூச்சை நீட்டி விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகசு நரம்பு அதை மெதுவாக்கும், நாடியைப் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பின்னேரத்தில் யாழ் பண்ணைக் கடற்கரைப் பக்கம் அரைமணி நேரம் வேகமாக நடந்தால், ஓடுவதற்கென்று உடம்பு கொட்டிய சீனியைத் தசை செலவழித்துவிடும். அப்புறம் நித்திரை. டொரன்டோவில் மகன் ஆறு மணிக்கு வேலை முடிந்து எடுக்கிற கோல் இங்கே விடியப்புறம் மூன்றரை, நாலரைக்கு வருகிறது. தாய் அதற்காகவே விழித்திருக்கிறார். பிள்ளைகளே, லீவு நாளில் நேரம் பார்த்து எடுங்கள். நித்திரைக் குளிசையைப் பார்மசியில் தானாக வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், விடமுடியாமல் போய்விடும்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பிக் கிடந்தால், அல்லது வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருதடவை வந்தாலும், யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வெட்கமாக இருந்தால் மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழைத்துக் கதைக்கலாம்.