அண்ணாச்சி இல்லாத ஏலச்சீட்டு

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி ஏலச்சீட்டு பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆக 60,000. யார் அதிகக் கழிவு கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. இந்த மாதம் ஒருவர் 10,000 கழித்து எடுத்தால் அவர் கைக்கு 50,000 வரும். கழித்த 10,000-த்தில் அண்ணாச்சியின் கமிஷன், அதாவது மொத்தச் சீட்டுத் தொகை 60,000-த்தில் 5 சதவீதமான 3,000 போக, மிச்சம் 7,000 ரூபாயை 12 பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அண்ணாச்சியின் நோட்டில் இது நாலு வரிக் கணக்கு. இதையே ஸ்மார்ட் கான்ட்ராக்டாக எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு பள்ளம் காத்திருக்கும்.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்குச் சங்கிலியில், ஏற்றிவைத்த ஒரு புரோகிராம். அதற்குத் தனி முகவரி உண்டு, பணம் வைத்துக்கொள்ள இருப்பு உண்டு, கணக்கெழுதச் சேமிப்பிடம் உண்டு. அப்படி ஒரு பிளாக்செயின்தான் எத்தீரியம்; அது 2015 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அதில் புழங்கும் பணத்துக்கு ஈதர் என்று பெயர். அதில் பெரும்பாலும் சொலிடிட்டி மொழியில்தான் எழுதுகிறார்கள். ஏற்றிய நிரலை அடித்துத் திருத்த முடியாது. திருத்துவதற்கு வசதி வைத்து எழுதும் முறைகளும் இருக்கின்றன. ஆனால் திருத்தும் உரிமைக்கான சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் மறுபடியும் அண்ணாச்சி.

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் நேரம். “ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஏலத்தை முடி” என்று எழுதி வைத்தால் எதுவும் நடக்காது. கான்ட்ராக்ட் தானாக விழித்துக்கொள்ளாது. வெளியிலிருந்து யாராவது ஒரு பரிவர்த்தனை அனுப்பி அதைத் தட்டியெழுப்ப வேண்டும். தட்டுகிறவர்தான் கேஸ் கட்டணமும் கட்ட வேண்டும்; கேஸ் என்பது நிரல் ஓடும் வேலையை அளக்கும் அலகு. வெறும் பணம் அனுப்பவே 21,000 கேஸ். சேமிப்பிடத்தில் காலியாக இருந்த இடத்தில் ஓர் எண்ணை எழுத இன்னும் 22,000 சொச்சம். எனவே ‘ஏலத்தை முடி’ என்ற ஃபங்ஷனை (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியை) யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று திறந்துவிட்டு, உள்ளே “கெடு தாண்டிவிட்டதா” என்று மட்டும் சரிபார்ப்பதே நடைமுறை. நடத்துகிறவர் மட்டுமே அழைக்கலாம் என்று எழுதினால், அவர் தன் முகவரிக்கான ரகசியச் சாவியைத் தொலைத்த அன்று அத்தனை பேர் பணமும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது பணம் கொடுக்கும் இடம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இயல்பாக வரும் வரிசை இது: அவருக்கு எவ்வளவு பாக்கி என்று பார், அனுப்பு, பாக்கியைப் பூஜ்யமாக்கு. கடையில் இது சரி. ஆனால் பிளாக்செயினில் பணம் வாங்கும் முகவரி ஓர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதுவும் ஒரு கான்ட்ராக்டாக இருக்கலாம். ஈதர் வந்து சேர்ந்ததும் அதற்குள் இருக்கும் நிரல் ஓடும். அது உடனே திரும்பி நம் ஃபங்ஷனையே மறுபடி அழைத்தால்? கல்லாவில் இருப்பவர் நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டார், பேரேட்டில் இன்னும் எழுதவில்லை; அதற்குள் “என் பாக்கியைக் கொடுங்க அண்ணாச்சி” என்று அதே ஆள் மறுபடி கை நீட்டுகிறார். பேரேட்டில் பாக்கி அப்படியே இருப்பதால் மறுபடியும் கொடுக்கிறார். கல்லா காலியாகும் வரை இதே கதைதான். இதற்கு ரீஎன்ட்ரன்சி என்று பெயர். 2016 ஜூன் 17 அன்று ‘தி டாவ்’ என்ற முதலீட்டு நிதிக் கான்ட்ராக்டிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதரை இந்த வழியில்தான் உருவினார்கள். அடுத்த மாதம் எத்தீரியம் சங்கிலியையே பிளந்து அந்தப் பணத்தை மீட்க வேண்டியதாயிற்று.

மருந்து, வரிகளை இடம் மாற்றுவதுதான்: முதலில் சரிபார், பிறகு பேரேட்டில் பூஜ்யம் எழுது, கடைசியாக அனுப்பு. இதோடு ஓப்பன்செப்பலின் என்ற ஆயத்த நிரல் நூலகத்தில் இருக்கும் ரீஎன்ட்ரன்சி காவலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஈதரை அனுப்ப ‘கால்’ என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், அது தோற்றாலும் பரிவர்த்தனை தானாக ரத்தாகாது. ‘பொய்’ என்று ஒரு விடையைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அந்த விடையைப் பார்க்காமல் விட்டால் பேரேட்டில் கொடுத்ததாக இருக்கும், ஆளுக்குப் போயிருக்காது.

கழிவுப் பங்கை 12 பேருக்கும் ஒரே லூப்பில், அதாவது ஒரே பரிவர்த்தனையில் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து, அனுப்ப வேண்டாம். பணத்தை ஏற்க மறுக்கும் கான்ட்ராக்ட் ஒன்று அந்தப் பன்னிரண்டில் இருந்தால், தோல்வி கண்டால் ரத்து செய் என்று எழுதிய லூப் மொத்தமும் ரத்தாகி ஒருவருக்கும் பங்கு கிடைக்காது. அவரவர் பங்கைப் பேரேட்டில் வரவு வைத்துவிட்டு, அவரவரே வந்து எடுத்துக்கொள்ளும்படி விடுவதுதான் உத்தமம்.

இனி வகுத்தல். சொலிடிட்டியில் தசமம் கிடையாது, முழு எண்தான். 7,000-ஐ 12-ஆல் வகுத்தால் 583, 583-ஐ 12-ஆல் பெருக்கினால் 6,996, 4 மிச்சம். பைசாவுக்கு மாற்றி வகுத்தாலும் 4 பைசா மிச்சம். ஈதரின் ஆகச் சிறிய அலகான வெய்க்கே போனாலும் (1 ஈதர் என்பது 1-க்குப் பின் 18 பூஜ்யம் வெய்) அதே 4 மிச்சம் நிற்கும், வேடிக்கைதான். 4 வெய் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் “இருப்பு பூஜ்யமானால் சீட்டை மூடு” என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டு ஒருநாளும் மூடாது. மிச்சத்தை அந்த மாதம் சீட்டு எடுத்தவர் கணக்கில் சேர்த்துவிடுங்கள். சதவீதம் கணக்கிடும்போது முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும். மாறிகளில் 5-ஐ 100-ஆல் முதலில் வகுத்தால் விடை பூஜ்யம், கமிஷன் அம்போ.

ஏலம் கேட்பதில் இன்னொரு சிக்கல். மாறிக்கு முன்னால் ‘பிரைவேட்’ என்று போட்டால் மற்றக் கான்ட்ராக்டுகளால்தான் அதைப் படிக்க முடியாது. மனிதர்கள் யார் வேண்டுமானாலும் சங்கிலியிலிருந்து படிக்கலாம். நீங்கள் 9,000 கழிவு கேட்டது தெரிந்ததும் இன்னொருவர் 9,001 கேட்பார். அதனால் இரண்டு கட்டமாக நடத்துவார்கள்: முதலில் தொகையை ஹாஷ் செய்து, அதாவது பின்னோக்கிக் கணக்கிட முடியாத ஒரு முத்திரையாக மாற்றி, அந்த முத்திரையை மட்டும் அனுப்புவது, கெடு முடிந்ததும் தொகையை வெளிப்படுத்துவது. தொகையை மட்டும் ஹாஷ் செய்தால் பிரயோஜனமில்லை. 60,000-க்குள் இருக்கும் எல்லா எண்ணையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரண லேப்டாப்புக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். ஆகவே கூடவே ஒரு நீளமான தற்செயல் எண்ணையும், முத்திரையை அப்படியே காப்பியடித்து யாரும் தன் பேரில் போடாதபடி சொந்த முகவரியையும் சேர்த்து ஹாஷ் செய்ய வேண்டும். தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் தொகையை வெளியிடாமல் நழுவுகிறவர்களுக்காக ஒரு வைப்புத்தொகையும் பிடித்துவைக்க வேண்டும்.

சோதனைக்கு ஃபவுண்ட்ரி கருவி நல்லது. ‘கான்ட்ராக்டின் இருப்பு, எல்லோருக்கும் உள்ள பாக்கியின் கூட்டுத்தொகையைவிடக் குறையவே கூடாது’ என்ற ஒரே விதியைக் கொடுத்துவிட்டால், அது ஃபங்ஷன்களைத் தாறுமாறான வரிசையில், தாறுமாறான எண்களோடு அழைத்து அந்த விதியை உடைக்கப் பார்க்கும். ‘சமமாக இருக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். யார் வேண்டுமானாலும் கான்ட்ராக்டுக்குள் வலுக்கட்டாயமாக ஈதரைத் திணிக்க வழி உண்டு.

இத்தனையும் சரியாக எழுதினாலும் தீராதது ஒன்று இருக்கிறது: சீட்டை எடுத்தவர் தவணை கட்டாமல் போவது. அண்ணாச்சிக்கு அவர் வீடு தெரியும், ஜாமீன் போட்டவரையும் தெரியும். கான்ட்ராக்டுக்குத் தெரிந்தது ஒரு முகவரி மட்டும். அது முன்கூட்டியே ஈடு பிடித்துவைத்தால்தான் உண்டு. இரண்டாம் மாதமே 10,000 கழித்து எடுத்தவருக்கு இன்னும் 10 தவணை பாக்கி, கழிவுப் பங்கைக் கணக்கில் எடுக்காவிட்டால் 50,000. அவர் கைக்கு வருவதும் அதே 50,000. முழு ஈடு கேட்டால், கையில் 50,000 இருப்பவர்தான் 50,000 சீட்டு எடுக்கலாம் என்றாகிறது.

அதனால் ஏலம், பங்கு பிரிப்பு, கணக்கு ஆகியவை இதற்குப் பொருந்தும். கடனுக்கான நம்பிக்கை பொருந்தாது. பழகுவதற்குச் செப்போலியா போன்ற ஒரு டெஸ்ட்நெட், அதாவது சோதனைக்கான சங்கிலி, போதும். அங்கே ஈதர் இலவசம், மதிப்பும் இல்லை. நிஜப் பணத்தோடு சீட்டு நடத்துவதென்றால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் வேண்டும். நிரலில் ஓடுகிறது என்பதற்காக அதில் விலக்குக் கிடையாது.