ஆர்பிஎம் ஏறி இறங்குதா, பாட்டு அலையுதா: முதல்ல ஆட்டத்தோட நேரத்தைப் பாருங்க

கார் நின்ன இடத்துல ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு) முள்ளு 700-க்கும் 1200-க்கும் நடுவுல ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு, இல்லன்னா ரெக்கார்ட் பிளேயர்ல தம்புரா சுருதி ஒரு இடத்துல நிக்காம அலையுது, ரெண்டு கம்ப்ளெயின்ட்டுக்கும் நான் சொல்ற முதல் பதில் ஒண்ணுதான். எந்த பார்ட்டையும் உடனே மாத்தாதீங்க, போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு அந்த ஆட்டம் எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா வருதுன்னு பாருங்க. சுத்துற மிஷின்ல ஒவ்வொரு பாகத்துக்கும் அதுக்குன்னு ஒரு சுத்து நேரம் இருக்கு, கோளாறு எந்த பாகத்துல இருக்கோ அதோட நேரத்துலதான் ஆட்டமும் திரும்பத் திரும்ப வரும். எந்த பாகத்தோட நேரத்துக்கும் ஒத்து வராம மெதுவா ஏறி இறங்குச்சுன்னா வேகத்தைக் கட்டுப்படுத்துற சிஸ்டத்து மேல சந்தேகப்படணும், தாளமே இல்லாம திடீர் திடீர்னு குதிச்சா பெரும்பாலும் எங்கயோ ஒரு கான்டாக்ட் சரியில்ல.

டர்ன்டேபிள்ல, அதாவது ரெக்கார்ட் பிளேயர்ல, இந்தக் கணக்கு ரொம்ப சுலபம். எல்பி ரெக்கார்ட் நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, அதாவது ஒரு சுத்துக்கு 1.8 நொடி. சரியா 1.8 நொடிக்கு ஒருக்கா சுருதி மேல போய் கீழ வருதுன்னா ஒண்ணு ரெக்கார்ட், இல்ல அது உக்காந்திருக்கிற சுத்துற தட்டு, பிளாட்டர். எதுன்னு கண்டுபிடிக்க ரெக்கார்டோட லேபிள் ஓரத்துலயும் பிளாட்டர் ஓரத்துலயும் ஒவ்வொரு சின்ன பேப்பர் துண்டு ஒட்டி, சுருதி ஏறும்போது அது ரெண்டும் எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க, அப்புறம் ரெக்கார்டை மட்டும் பிளாட்டர் மேல அரை வட்டம் திருப்பி வச்சு மறுபடி போடுங்க. ரெக்கார்டுல ஒட்டின துண்டு அதே இடத்துக்கு வரும்போதே சுருதி ஏறினா ரெக்கார்ட்தான் காரணம், பிளாட்டர் துண்டோட போனா பிளாட்டர்.

ரெக்கார்டுல வர்ற கோளாறு முக்காவாசி நடு ஓட்டை. அது அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே போதும், உள்பக்க கடைசி பாட்டுல, அதாவது மையத்துலேருந்து 6 சென்டிமீட்டர் தூரத்துல, வேகம் கிட்டத்தட்ட 0.8 சதவீதம் மேலயும் அதே அளவு கீழயும் ஆடும், வெளி ஓரத்துல அதே தப்பு 0.35 சதவீதத்தை தாண்டாது. அதனாலதான் ஒரு பக்கத்தோட ஆரம்பத்துல நல்லா இருந்த பாட்டு முடியிற இடத்துல அலையுது. ஊசி மாட்டின ஆர்ம் இடமும் வலமும் ஆடுறது கண்ணுக்கே தெரியும். நாகமிச்சி கம்பெனி இந்த ஒரு பிரச்சினைக்காகவே ரெக்கார்டோட மையத்தைத் தானா கண்டுபிடிச்சு நகர்த்திக்கிற டர்ன்டேபிள் செஞ்சு வித்துச்சு, அவ்வளவு முக்கியமான விஷயம் இது.

எந்த இசைய வச்சு டெஸ்ட் பண்றீங்கங்கறதும் முக்கியம். கமகம் நிறைய வர்ற வயலின், பாட்டு எல்லாத்துலயும் ஸ்வரமே அசைஞ்சு அசைஞ்சுதான் வரும், அதுக்குள்ள இந்த ஆட்டம் ஒளிஞ்சுக்கும். பியானோ, ஆர்மோனியம், தம்புரா மாதிரி நேரா நிக்கிற சத்தத்துல மறைய இடம் கிடையாது. டெஸ்ட் ரெக்கார்ட் கிடைச்சா இன்னும் நல்லது, 3150 ஹெர்ட்ஸ் சத்தம் மட்டும் ஓடும், போன் ஆப் வச்சு அளந்துடலாம்.

ஆட்டம் 1.8-ஐ விட கொஞ்சம் கூடுதல் நேரத்துல வந்து, ஒவ்வொரு சுத்துக்கும் லேபிள்ல கொஞ்சம் கொஞ்சமா இடம் மாறுதா? பெல்ட்டைப் பாருங்க. பிளாட்டரையும் சுத்தி மோட்டார் புல்லியையும் சுத்தி வர்றதால பெல்ட்டோட நீளம் அது சுத்துற வட்டத்தை விட எப்பவும் கூடத்தான் இருக்கும், அதனால அது ஒரு முழு சுத்து வர கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும். பெல்ட்டுல ஒரு இடம் மட்டும் தடிச்சிருந்தாலோ இழுபட்டிருந்தாலோ அந்த நேரத்துலதான் காட்டும். இன்னும் வேகமா, நொடிக்கு 4 தடவை நடுங்கினா மோட்டார் பக்கம் போங்க, நிறைய பெல்ட் டிரைவ் பிளேயர்ல 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல ஓடுற ஏசி மோட்டார் நிமிஷத்துக்கு 250 சுத்து, அதாவது நொடிக்கு நாலுக்கு கொஞ்சம் மேல. புல்லி துளி வளைஞ்சிருந்தாலும் ஆட்டம் அங்க வந்து நிக்கும், நம்ம காது சுருதி ஆட்டத்தை அதிகமா கண்டுபிடிக்கிறதும் இந்த நொடிக்கு 4 தடவைங்கற இடத்துலதான், அளவு சின்னதா இருந்தாலும் எரிச்சல் பெருசா இருக்கும்.

வேகம் மொத்தமா சரியா இருக்கான்னு பாக்க ஸ்ட்ரோப் தட்டு இருக்கு. நம்ம ஊரு கரன்ட்ல எரியிற குண்டு பல்பு நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், தட்டுல 180 கோடு இருந்தா 33⅓ வேகத்துல அந்தக் கோடெல்லாம் அசையாம நின்ன மாதிரி தெரியும், முன்னாடி நகர்ந்தா வேகம் கூட, பின்னாடி நகர்ந்தா கம்மி. அமெரிக்காவுல வாங்கின தட்டுல 216 கோடு இருக்கும், அது 60 ஹெர்ட்ஸ் கணக்கு, இங்க உதவாது. நல்ல எல்இடி பல்பும் உதவாது, அது மினுக்கவே மினுக்காது.

டிசி மோட்டார் உள்ள பிளேயர்ல தாளமில்லாம வேகம் குதிச்சா வேகத்தை அட்ஜஸ்ட் பண்ற சின்ன பிரிசெட்டுல அழுக்கு, ஸ்பீடு ஸ்விட்ச்சுல துரு, இந்த ரெண்டும்தான் முதல்ல. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நாலஞ்சு தடவை முன்னும் பின்னும் திருப்பினா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும்.

இப்ப கார். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒருக்காதான் எரியும். ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது, 750 ஆர்பிஎம்னா நொடிக்கு 12.5 சுத்து, ஒரே ஒரு சிலிண்டர் எரியலன்னா நொடிக்கு ஆறு தடவை குலுக்கும், சீட்டுலயும் ஸ்டீயரிங்லயும் அந்த உதறல் கைக்கே தெரியும். மெக்கானிக் மிஸ்ஸிங் அடிக்குதுன்னு சொல்றது இதைத்தான். இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான இசியூவும் இதே வேலையத்தான் பண்ணுது, கிராங்க் (இன்ஜினோட சுத்துற முக்கிய தண்டு) பக்கத்துல இருக்கிற பல் சக்கரத்துல, பல வண்டியில 60 பல்லுக்கு இடம் விட்டு 58 மட்டும் வச்சிருப்பாங்க, ஒவ்வொரு பல்லும் சென்சாரைத் தாண்ட எடுக்கிற நேரத்தை அளந்து எந்த சிலிண்டர் எரியற நேரத்துல கிராங்க் தயங்குதுன்னு கண்டுபிடிக்குது. இசியூவைப் படிக்கிற ஸ்கேனர்ல பி0302-ன்னு கோளாறு கோட் வந்தா இரண்டாவது சிலிண்டர். பிளக்குக்கு கரன்ட் கொடுக்கிற அதோட காயிலை மூணாவதுக்கு மாத்திப் போடுங்க, கோளாறு கோட் பி0303-க்கு மாறினா காயில் போச்சு, மாறலன்னா பிளக், இன்ஜெக்டர்னு அடுத்தடுத்து போங்க.

ஆனா முள்ளு ரெண்டு மூணு நொடிக்கு ஒருக்கா 700-லேருந்து 1200-க்கு ஏறி விழுந்து மறுபடி ஏறுதுன்னா பிளக்கை மாத்தி காசைக் கொட்டாதீங்க, அந்த இன்ஜின்ல அவ்வளவு மெதுவா சுத்துற பாகமே கிடையாது. அது கன்ட்ரோல் தனக்குத் தானே சண்டை போடுறது. ஹீட்டர் குழாயில வெந்நீர் வர லேட் ஆகும்போது நாம கூட திருப்பி, அப்புறம் சுட்டதும் குறைச்சு, மறுபடி கூட்டுறோமே அதேதான், திருத்தத்துக்கும் பலனுக்கும் நடுவுல இருக்கிற தாமதம். ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினுக்கு 1788-ல சுத்துற குண்டு வச்ச கவர்னர், அதாவது வேகத்தைத் தானா கட்டுப்படுத்துற கருவி, போட்டாரு, அந்த மாதிரி கவர்னர் எப்ப அடங்கி நிக்கும் எப்ப அலையும்னு இயற்பியல் விஞ்ஞானி மேக்ஸ்வெல் 1868-ல கணக்கு போட்டு காட்டினாரு. சாவி கொடுக்கிற பழைய கிராமபோன்லயும் மூணு குண்டு வச்ச கவர்னர்தான், அதுல உரசுற தோல் துண்டு காஞ்சு போனா பாட்டு அலையும். ஐடில்ல இந்தத் தாமதம் ரொம்ப மோசம், 750 ஆர்பிஎம்ல ஒரு முழு எரிப்பு சுழற்சிக்கே 0.16 நொடி ஆகுது.

அடிக்கடி வர்ற கேஸ் ஏர் லீக். இன்ஜினுக்குள்ள காத்து விடுற கதவான த்ராட்டில் மூடியிருக்கு, ஆனா கிழிஞ்ச ஹோஸ் வழியா காத்து உள்ள போகுது, ஆர்பிஎம் தேவைக்கு மேல ஏறுது, ஆக்சிலரேட்டர்ல கால் இல்லாம ஆர்பிஎம் இவ்வளவு இருக்கேன்னு இசியூ பெட்ரோலை நிறுத்துது, ஆர்பிஎம் விழுது, பதறி மறுபடி பெட்ரோல் விடுது, மறுபடி ஏறுது. இதுதான் அந்த ஊஞ்சல். காத்தோட்ட சென்சார் உள்ள வண்டியில ஸ்கேனர்ல ஃபியூல் டிரிம், அதாவது இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுங்கறதை, பாருங்க, ஐடில்ல பிளஸ் 15, 20 சதவீதம் காட்டி 2500 ஆர்பிஎம்ல பூஜ்யத்துக்கு பக்கம் வந்தா லீக்தான், ஓட்டை அதே அளவுதான், இன்ஜின் நிறைய காத்து இழுக்கும்போது அதோட பங்கு சின்னதாயிடுது. லீக்கைத் தேட சூடான இன்ஜின் மேல கிளீனர் ஸ்ப்ரே அடிக்கிறாங்க, தீப்பிடிக்கும், வேண்டாம், புகை விட்டுப் பாக்குற ஒர்க்‌ஷாப்புக்கு போங்க.

லீக் இல்லன்னா த்ராட்டில் பாடியில கார்பன். அதைக் கிளீன் பண்ணின உடனே ஐடில் முன்ன விட மோசமா ஏறி நின்னா பயப்பட வேண்டாம், அழுக்கு அடைச்ச காலத்துல பத்தாத காத்துக்காக இசியூ த்ராட்டில் கதவைக் கொஞ்சம் அதிகமா திறக்கப் பழகியிருக்கும், அழுக்கு போனதும் அந்தப் பழக்கம் மட்டும் மிச்சம். ஸ்கேனர்ல அந்தப் பழக்கத்தை அழிச்சு புதுசா கத்துக்க வைக்கிற ஐடில் ரீலேர்ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், இன்ஜின் நல்லா சூடான அப்புறம், ஏசி, லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு அதை ஓட விடுங்க.