டிடிஎஸ் மீட்டரை நம்பி சாஃப்ட்னரைக் கழற்றாதீர்கள்

கோவையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த வாரமும் ஒரு குடும்பம் இரண்டு பாட்டிலோடு வந்தது. போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம்) மாட்டியிருக்கிறார்கள். ஒன்று மாட்டுவதற்கு முன் பிடித்த தண்ணீர், மற்றது மாட்டிய பிறகு. "மொதல்ல 940 காட்டுச்சுங்க, இப்ப 960 காட்டுது. காசெல்லாம் போச்சுங்க, கழட்டச் சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். கையில் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும் கருவி.

இரண்டையும் குடுவையில் ஊற்றி, கடினத்தன்மை, அதாவது கரைந்த கால்சியமும் மெக்னீசியமும், எவ்வளவு என்று சோதித்தேன். சாயம் போட்டதும் முதல் தண்ணீர் திராட்சைச் சிவப்பாக மாறியது. அதை நீலமாக்க பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கரைசல் சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது தண்ணீரில் சாயம் விழுந்த உடனேயே நீலம். ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படவில்லை. அதாவது அதில் கடினத்தன்மை இல்லவே இல்லை. இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அதைத்தான் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்! இதையே எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. அந்த மீட்டர், தண்ணீர் வழியாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது சமையல் உப்பா, கால்சியமா, மெக்னீசியமா என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டிடிஎஸ் 900 உள்ள இரண்டு போர்களில் ஒன்றில் கடினத்தன்மை 180 இருக்கும், இன்னொன்றில் 500 தாண்டும். முதல் வீட்டுக்கு சாஃப்ட்னரே வேண்டாம். இரண்டாவது வீட்டில் ஷவர் ஓட்டை எல்லாம் அடைத்துப் போயிருக்கும். சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றிக் கொடுக்கிறது. 40 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்துக்கொண்டு 46 மில்லிகிராம் சோடியத்தை விடும். அப்படியிருக்க டிடிஎஸ் எப்படிக் குறையும்? கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூடினால் ஏமாற்று என்று அர்த்தமில்லை.

இதே அறியாமையை வைத்து வீடு வீடாக ஒரு வித்தை காட்டுகிறார்கள். உங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். தண்ணீர் துருநிறமாகும். "இதைத்தான் குடிக்கிறீங்க" என்பார்கள். அவர்கள் விற்கும் ஆர்ஓ (தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் இயந்திரம்) தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கும். அந்த நிறம் அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்து வருவது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையாது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் நிறம் மாறும்.

இதைப் பார்த்துப் பயந்து சிறுவாணித் தண்ணீருக்கே ஆர்ஓ மாட்டுகிறார்கள். சிறுவாணி இயல்பிலேயே மென்மையான தண்ணீர். அதில் எதை நீக்கப் போகிறீர்கள்? டிடிஎஸ் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவிட்டது. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க, சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது.

அடுத்த பயம் சிறுநீரகக் கல். குழாயில் படிவது போலவே உடம்பிலும் படியும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல் வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தண்ணீர் போதுமான அளவு குடிக்காதது. கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் வைக்கவில்லை. நம் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. உங்களுக்கு ஏற்கெனவே கல்லோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், தண்ணீர் மெஷின் விற்பவர் சொல்வதை அல்ல.

கடினத் தண்ணீர் உண்மையில் கெடுப்பது வீட்டைத்தான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காமல் திரிந்து பிசுக்காகும், துணி மொடமொடப்பாகும். கீசரில் எலிமெண்ட் மேல் வெள்ளைப் பொறுக்கு ஏறும், கரண்ட் பில்லும் ஏறும், ஒருநாள் எலிமெண்டே போய்விடும். கீசரை 50 டிகிரி பக்கத்தில் வையுங்கள், சூடு ஏற ஏறப் படிவு வேகமாகும். வருஷம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சோலார் ஹீட்டர் குழாய்களை நிறைய பேர் மறந்தே போகிறார்கள்.

தயவுசெய்து ஒன்று கேளுங்கள். டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, போகவில்லையே என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. குழாய்க்கும் ஷவருக்கும் வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ போதும். ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பொறுக்கு விட்டுவிடும். மார்பிள், மொசைக் தரையில் வினிகர்கூட வேண்டாம், அரித்துவிடும்.

எதை வாங்குவதற்கு முன்னும் கடினத்தன்மையைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை நன்றாக அலசி, 2 லிட்டர் பிடியுங்கள். ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தால் உங்கள் ஊறுகாயின் உப்பும் சேர்ந்துதான் கணக்கில் வரும்.

சாஃப்ட்னர் மாட்டுவதென்றால் பாத்ரூம், வாஷிங் மெஷின், ஹீட்டர் லைனுக்கு மட்டும் மாட்டுங்கள். சமையலறைக் குடிநீர்க் குழாயைத் தனியாக விடச் சொல்லுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம், சோடியத்தைக் கூட்டிக் கொடுக்கக் கூடாது. சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகளைக் கழுவ உப்புக் கரைசல் விடுவோமே, அந்தக் கழிவைத் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் திருப்பிவிடாதீர்கள். மண் கெட்டுப்போகும்.