கத்திரி வெயிலில் ஹீட் ஆகும் மாடிஃபை கார்: ரேடியேட்டருக்கு முன் காற்றைப் பாருங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் பட்டறைக்கு வரும் போன்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, வண்டி ஹீட் ஆகுது. பெரிய அலுமினியம் ரேடியேட்டர் போட்டுடலாமா?" ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்த வண்டி, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மாற்றிய வண்டி, பம்பர் மாற்றிய வண்டி என்று பல வருடங்களாக இந்த வகைக் கார்களையே பார்த்து வருகிறேன். எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: ரேடியேட்டருக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், இப்போது இருக்கும் ரேடியேட்டர் வழியாகக் காற்று ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள்.

போன கத்திரியில் ஒரு தம்பி தன்னுடைய இரண்டு கதவு டர்போ ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். ரீமேப், முன்னால் பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), புது பம்பர், பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) எல்லாம் செய்திருந்தார். விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மதியம் ஓஎம்ஆர் சிக்னலில் ஏசி போட்டு நின்றால், இன்ஜின் சூட்டைச் சுமந்து ரேடியேட்டருக்குப் போகும் திரவமான கூலன்ட் 112 டிகிரி. ஏற்கெனவே வேறொரு இடத்தில் தடிமனான ரேடியேட்டர் மாட்டியிருந்தார்கள். பணம் போனது, சூடு குறையவில்லை.

நான் முதலில் ஒரு செய்தித்தாள் துண்டை கிரில் முன்னால் பிடித்துப் பார்த்தேன். ஃபேன் ஓடும்போது தாள் உள்ளே இழுக்கப்பட்டு கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் அது வழுக்கிக் கீழே விழுந்தது. பம்பரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. தடிமன் ரேடியேட்டருக்கு இடம் போதவில்லை என்று, கம்பெனி ஃபேனையும் அதைச் சுற்றியிருந்த ஷ்ரவுட் என்கிற பிளாஸ்டிக் கூட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சின்ன ஃபேனை ரேடியேட்டர் மேலேயே டை போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த ஃபேனுக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்று இழுபடும். மற்ற இடமெல்லாம் வெறும் உலோகமாக நின்றுகொண்டிருந்தது.

நம் ஊர் வெயிலில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடு, கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. அதே கூலன்டுக்கு காற்று 42 டிகிரி என்றால் வித்தியாசம் 53தான். எதையும் மாற்றாமலே ரேடியேட்டரின் திறன் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. இதில் 42 என்பது நிழலில் அளந்த கணக்கு. தார் ரோட்டுக்கு ஓர் அடி மேலே, முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூட்டோடு வரும் காற்று அதைவிட அதிகம் கொதிக்கும். அது முதலில் முன்னால் இருக்கும் இன்டர்கூலரைத் தாண்ட வேண்டும், அப்புறம் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், அதன் பிறகுதான் ரேடியேட்டர். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. குளிர்ந்த நாட்டில் ஓட்டிப் பார்த்து எழுதிய பாகப் பட்டியலை அப்படியே இங்கே மாட்டினால் சரிப்படாது.

"ரீமேப் பண்ணினதாலதான் சிக்னல்ல ஹீட் ஆகுது" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். இன்ஜினால் எவ்வளவு பவர் கொடுக்க முடியும் என்பது வேறு, இந்த நிமிடம் எவ்வளவு கொடுக்கிறது என்பது வேறு. சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓட, நிற்கும்போது ரீமேப் செய்த வண்டியும் செய்யாத வண்டியும் எரிக்கும் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றே. சூடும் அப்படித்தான். ஆகவே நின்றால் ஹீட், ஓடினால் சரி என்றால் சந்தேகப்பட வேண்டியது ஃபேன், ரிலே, ஒயர், ஷ்ரவுட். மெல்லிய ஒயர் போட்டிருந்தால் ஃபேனுக்குப் போதிய வோல்டேஜ் போகாது; சுற்றும், ஆனால் சோம்பலாகச் சுற்றும். இரண்டு ஒயரை மாற்றி இணைத்து, ஃபேன் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். மாறாக, சிக்னலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டும்போது ஏறினால் கதை வேறு. சுமார் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை, வரும் காற்றே போதும். அப்போது ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), அதிக ஆர்பிஎம்மில் உறிஞ்சப்பட்டு நசுங்கும் பழைய கீழ் ஹோஸ் என்று தேட வேண்டும்.

காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். புது பம்பர் மாட்டும்போது கம்பெனி கொடுத்த பக்கவாட்டு பிளாஸ்டிக் தடுப்புகளைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் கிரில் வழியாக வரும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விடும். கொஞ்சம் ஃபோமும் அலுமினியத் தகடும் வைத்து அந்த இடைவெளிகளை அடைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நான் செய்த வேலைகளிலேயே செலவுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும் தூசி, பூச்சி, இலைச் சருகையும் வெயில் காலம் தொடங்கும் முன் சுத்தம் செய்துவிடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடிக்க வேண்டாம், ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பானெட்டின் பின்பக்கம் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கமும் பரவியிருக்கிறது. நிற்கும்போது கொஞ்சம் சூடு வெளியேறும், உண்மை. வேகமாகப் போகும்போது முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம். அங்கே இருக்கும் இடைவெளி வழியாகக் காற்று இன்ஜின் அறைக்குள் நுழைய வாய்ப்பு உண்டு. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று வெளியேற அதனால் வழி கிடைக்காது. பானெட்டில் வென்ட் வெட்டத்தான் வேண்டும் என்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், முன்பகுதியில் வெட்டுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது நம் ஊரில் பழைய வைத்தியம். தயவுசெய்து செய்யாதீர்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். வெயிலில் ஹீட் ஏறும், குளிர்ந்த காலையில் இன்ஜின் சரியான வெப்பத்துக்கே வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். "இங்க பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்டைவிட மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கலந்து, 1.1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி நல்ல நிலையில் இருந்தால் ஏறக்குறைய 130 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அதே கலவை 108 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். சில நூறு ரூபாய் மூடிக்காக ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் சீல்) போன வண்டிகள் இருக்கின்றன. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள், வகை மாறிக் கலந்தால் கூழாகிவிடும் ஆபத்து உண்டு. மாற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை (ஏர் லாக்) வெளியேற்றி பிளீட் செய்ய வேண்டும்.

டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். நிறைய கார்களில் 75 டிகிரியிலிருந்து 105 வரை முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும். காரின் கோளாறு பார்க்கும் சாக்கெட்டான ஓபிடி போர்ட்டில் ஒரு சின்ன ரீடர் மாட்டி, உண்மையான எண்ணைப் பாருங்கள். கூலன்டோடு இன்ஜினுக்குள் போகும் இன்டேக் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். டர்போ வண்டியில் அது ஏறினால் நாக்கிங் (பெட்ரோல் தவறான நேரத்தில் வெடிப்பது) வராமல் இருக்க இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் ஸ்பார்க் விடும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்தள்ளும். பவர் குறையும், எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். குளிர்ந்த காலையில் டெஸ்ட் செய்து போட்ட ரீமேப்பை மே மாத மதியத்தில் ஒருமுறை லாக் எடுத்து, அதாவது ஓடும்போது எண்களைப் பதிந்து, பார்க்காமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது என் பட்டறையின் விதி.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களுக்குக் கூலன்டைவிட ஆயில்தான் முதலில் கைவிடும். 3.7 கிலோமீட்டர் சுற்றில் தொடர்ந்து அழுத்தினால் சில சுற்றுகளிலேயே ஆயில் 130 டிகிரியைத் தொடலாம். தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் போடுங்கள். அதை ரேடியேட்டர் முன்னால் தொங்கவிடாமல், பக்கவாட்டில் தனிக் காற்று கிடைக்கும் இடத்தில் வையுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடியுங்கள்.

அந்தத் தம்பியின் காருக்குப் புது ஷ்ரவுட் செய்து, இரட்டை ஃபேன் வைத்து, தடித்த ஒயரும் ரிலேயும் போட்டு, ஓரங்களை அடைத்தோம். மதியம் இரண்டு மணிக்கு ஏசியோடு 40 நிமிடம் ஐடிலில் நிறுத்தினோம். கூலன்ட் 99 டிகிரியைத் தாண்டவில்லை.

வழியில் கூலன்ட் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அப்படியும் 115ஐத் தாண்டினால் ஓரங்கட்டுங்கள். கூலன்ட் ஒழுகவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் ஐடிலில் விட்டு இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். ஆவி வந்தாலோ, தரையில் கூலன்ட் தெரிந்தாலோ உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியைத் தொட வேண்டாம், உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும் திரவம். திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை, ஒரு மணி நேரமானாலும், காத்திருங்கள். பக்கத்துக் கடையிலிருந்து யாராவது ஒரு குடம் பச்சைத் தண்ணீரோடு ஓடிவருவார்கள். சூடான அலுமினியம் ஹெட்டில் அதை ஊற்றினால் விரிசல் விடும் என்று சொல்லி, குடத்தை வாங்கி ஓரமாக வையுங்கள்.