போலீஸ் போனைக் கேட்டால்: சட்டம் எதுவரை விடுகிறது?

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் பார்த்த பிறகு, "போனைத் திற, வாட்ஸ்அப்பைப் பார்க்கணும்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேர் பேசாமல் திறந்து நீட்டிவிடுவோம். ஆனால் வாகனச் சோதனை அதிகாரம் வாட்ஸ்அப் வரை நீளாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள், அதில் கை வைக்கச் சட்டத்தில் இடம் வேண்டும்.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில். பிரிவு 94ன்படி ஒரு வழக்கு விசாரணைக்குத் தேவை என்றால் நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு போட்டு போனைக் கேட்கலாம். வாரன்ட் வாங்க நேரமில்லை என்று பிரிவு 185ல் தேடினால் காரணத்தை முதலில் எழுதிவைக்க வேண்டும், அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வாய்ச்சொல் போதாது. அதனால் "எந்த வழக்கு, எந்தப் பிரிவு சார்?" என்று நிதானமாகக் கேளுங்கள். அதற்காகக் கையைத் தட்டிவிட்டு மல்லுக்கு நிற்காதீர்கள், அது தனி வழக்காகிவிடும்.

பாஸ்வேர்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3). பாஸ்வேர்டு அதில் அடங்குமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை, எனவே வக்கீலைப் பார்க்காமல் எதையும் சொல்லிவிட வேண்டாம். போன் பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு கதை, அதற்கு உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்க மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது.

சரி, முறைப்படியே போனை எடுக்கிறார்கள். இனிமேல்தான் கவனம் வேண்டும். மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் பற்றிப் போலீஸ் எழுதும் பதிவில், பெரும்பாலும் "கறுப்பு நிற செல்போன் – 1" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்), சிம், மெமரி கார்டு, போன் ஆனில் இருந்ததா ஆஃபில் இருந்ததா, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு "இது என் போனே இல்லை, இந்தப் படம் அதில் இல்லை" என்று வாதாட அந்த நாலு வரிதான் மிஞ்சும். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105ன்படி கைப்பற்றுவதையும் பட்டியல் போடுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். வீட்டில் தேடினால் சாட்சிக்கு அந்தப் பகுதி ஆட்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், பட்டியலின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அப்புறம், "முழுச் சம்மதத்துடன் கொடுத்தேன்" என்று ஒரு வரி நடுவில் நுழைந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போனைத் திரும்ப வாங்க நீதிமன்றத்தில் மனுப் போடலாம், பழைய சட்டத்தில் பிரிவு 451 என்றது இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497. மகஜர் நகலை அதோடு இணைத்துவிடுங்கள்.