நாலு பாகத் தண்ணீர்தானே என்று இரவில் முங்குகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தின் அரியமான், பிரப்பன்வலசை, மண்டபத்தின் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் எல்லாம் ஆழம் குறைந்த கடல். கரையிலிருந்து நெடுந்தூரம் போனாலும் பல இடங்களில் நாலு பாகம், அதாவது ஏழு மீட்டர் அளவில்தான் தரை தட்டும். அலையும் பெரிதாக இருக்காது. பகலில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்குவது, பழகிய நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், "ராத்திரி ஒரு முங்கு போடுவோமா?" என்ற பேச்சு தானாக எழும். இந்தக் கடலின் அமைதியும் ஆழக்குறைவும் தரும் தைரியம்தான் எங்களுக்குக் கவலை. சிலிண்டர் கட்டி இறங்குகிறவருக்குக் கடைசிப் பத்து மீட்டர்தான் உடம்பைச் சோதிக்கும் இடம். இங்கே முழு முங்கலும் அந்தப் பத்து மீட்டருக்குள்ளேயே நடக்கிறது.

கணக்கு எளிது. ஏழு மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 1.7 மடங்கு. அங்கே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) நெஞ்சு நிறைய இழுத்த ஆறு லிட்டர் காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது பத்து லிட்டராக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழ் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். இதற்கு ஏழு மீட்டர்கூட வேண்டாம், ஒன்றரை மீட்டரே போதும்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் இதை இருமுறை சொல்கிறோம். சங்கு குளிக்கிறவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். அந்தக் காற்று கீழே சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். அவருக்கு மூச்சடக்குவது வித்தை. சிலிண்டர் கட்டியவருக்கு அதுவே எமன். நன்றாக நீந்தத் தெரிந்தவர் பதறினால் முதலில் செய்வது மூச்சைப் பிடிப்பதுதான், இருட்டு அந்தப் பதற்றத்தைப் பல மடங்காக்கும். ஆகவே ஏறும்போது மூச்சு உள்ளே வெளியே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. ஏழு மீட்டர் ஏற முக்கால் நிமிடமாவது ஆக வேண்டும். இருட்டில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாமல் தலை சுற்றும். ஆழமானியைப் பாருங்கள், நங்கூரக் கயிறு இருந்தால் அதைப் பிடித்தபடி ஏறுங்கள்.

எங்கே இறங்கலாம் என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே பகலிலும் போக முடியாது. பாம்பன் கால்வாயிலும் அரிச்சல்முனையிலும் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், அங்கே நினைக்கவே வேண்டாம். எல்லைக்கும் கடத்தல் தடங்களுக்கும் பக்கத்துக் கடல் இது, தண்ணீருக்குள் அலையும் வெளிச்சம் கண்காணிப்புக்குக் கட்டாயம் தெரியும். கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி, அனுமதி பெற்ற மையத்தின் வழியாக மட்டும் இறங்குங்கள். காலமும் முக்கியம். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கலங்கிவிடும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் வடகடல் தெளிந்திருந்தாலும், இரண்டு நாள் காற்றடித்தால் மறுபடி சேறுதான்.

இனி வலை. செவுள் வலையையும் நண்டு வலையையும் சாயங்காலம் விட்டு விடியலில் வாங்குவது இங்கே வழக்கம். நைலான் நரம்பு வலை டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பகலில் பார்த்து வைத்த இடம் என்றாலும், வெயில் தாழக் கரையில் நிற்கும் மீனவரிடம், "அண்ணே, இந்தப் பக்கம் வலை விட்டிருக்கீங்களா?" என்று கேட்காமல் இறங்கக் கூடாது. கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் இன்னொரு கண்ணி. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடிச் சட்டம், குறுக்கும் நெடுக்கும் கயிறு, பாசியை மீன் தின்னாமல் இருக்க அடியில் வலை, போதாக்குறைக்கு நங்கூரக் கயிறுகள். அதன் அடியில் மேலேறி வருகிறவர் தலை நேராக வலையில் முட்டும். மிதவை கட்டிய இடத்திலிருந்து வெகுவாக விலகியே முங்குங்கள். அது அந்தப் பகுதிப் பெண்களின் பிழைப்பும்கூட, நம் கால்துடுப்பு பட்டுக் கயிறு அறுந்தால் நட்டம் அவர்களுக்கு.

சிக்கிக்கொண்டால் திரும்பாதீர்கள், உதறாதீர்கள். ஒரு சுற்று சுற்றினால் சிலிண்டர் வால்வில் வலை நாலு சுற்று சுற்றிவிடும். அப்படியே நின்று, டார்ச்சை வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டி ஜோடியை (உங்களோடு சேர்ந்து முங்குகிறவரை) கூப்பிடுங்கள், வந்த வழியே கொஞ்சம் பின்வாங்குங்கள். முதுகுப் பக்கச் சிக்கலை ஜோடிதான் அறுக்க வேண்டும். நரம்பு வலைக்குக் கத்தியைவிட மருத்துவக் கத்தரி வசதி. எந்தக் கையாலும் எட்டுகிற மாதிரி நெஞ்சுப் பக்கம் மாட்டுங்கள். கெண்டைக்காலில் கட்டினால் வேண்டிய நேரத்தில் எட்டாது.

டார்ச் ஆளுக்கு இரண்டு, சிலிண்டர் கழுத்தில் ஒரு சிறு அடையாள விளக்கு. முக்கிய டார்ச்சுக்கு ஆயிரம் லூமன் தாராளம், ஆனால் கற்றை குறுகலாக இருக்கட்டும். கலங்கிய நீரில் அகலக் கற்றை, மார்கழிப் பனியில் ஹைபீம் போட்ட மாதிரி வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். டார்ச்சுக்குள் தண்ணீர் புகப் பெரும்பாலும் ஓ-ரிங்கில் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒட்டிய ஒரு மணல் துகளோ ஒரு முடியோ காரணம். கரையில் மணற்காற்றில் நின்று திறக்காமல், வீட்டிலேயே துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மூடிக்கொண்டு வாருங்கள். ஒருவரின் முக்கிய டார்ச் அணைந்தாலும் இருவருக்குமே முங்கல் அத்தோடு முடிந்தது. இரண்டாவது டார்ச் கரை திரும்பத்தான்.

டார்ச்சால் பெரிய வட்டம் போட்டால் "சரி", வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் "ஆபத்து". கைச்சைகை காட்ட உங்கள் கைமேலேயே வெளிச்சம் அடியுங்கள். எதிராளியின் முகத்தில் அடித்தால் சில நிமிடங்களுக்கு அவருக்குக் கண் தெரியாது. ஜோடி என்றால் இரண்டே பேர். ஐந்து பேர் ஒரே கூட்டமாகப் போனால், ஒருவர் காணாமல் போனதை மற்ற நால்வரும் கவனிக்கமாட்டார்கள். பிரிந்துவிட்டால் உங்கள் டார்ச்சை நெஞ்சோடு மூடிக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், அவர் வெளிச்சம் தெரியும். ஒரு நிமிடம் தேடியும் காணவில்லையா, நிதானமாக மேலே வந்துவிடுங்கள், அவரும் வருவார். இறங்கும் முன்பே பேசி வைத்தால்தான் இது நடக்கும்.

காற்றை மூன்று பங்காகப் பிரியுங்கள்: போக ஒன்று, திரும்ப ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) என்றால் 2,200 லிட்டர். புதியவர் இருட்டில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பதாக வைத்தாலும், ஏழு மீட்டரில் அது 42 லிட்டருக்கு மேல். போவதற்கான பங்கு 17 நிமிடத்தில் தீரும். 130 பாரில் திரும்பிவிடுங்கள். நிரப்பிய காற்றில் எண்ணெய், புகை நெடி இருந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்குங்கள். சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரசரின் காற்றிழுக்கும் குழாய் டீசல் எஞ்சின் புகைப்பக்கம் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். அதற்கு நெடியே கிடையாது, தலைவலியும் குமட்டலும் வந்தபிறகுதான் தெரியும். குழாய் எங்கே இருக்கிறது என்று நேரில் பார்ப்பதில் வெட்கமில்லை.

படகிலிருந்து இறங்கினால், சுற்றிலும் தெரியும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்குகள் மேலிருந்து கீழாக எரிய வேண்டும். ஆள் முங்கியிருப்பதைக் காட்டும் கொடி இருட்டில் உதவாது. கரையிலிருந்து இறங்கினால், ஒன்றின் பின்னால் ஒன்றாக, பின்னது உயரமாக, இரண்டு விளக்குகள் நட்டு வையுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் நீங்கள் சரியான பாதையில் வருகிறீர்கள். கரையில் ஒருவர் குடிக்காமல், இறங்கிய நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். குறித்த நேரத்துக்குமேல் கால் மணி ஆனால், யோசிக்காமல் கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரக் காவல்துறையின் 1093.

கடல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், மணலில் புதைந்த திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால், 45 டிகிரிக்கு மேற்படாத, தாங்கக்கூடிய வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை காலை வைத்தால் வலி இறங்கும். பிறகு மருத்துவமனை. வெந்நீர் ஃபிளாஸ்க் கரையில் இருக்கட்டும். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். அது இரவில்தான் வேட்டையாடும், அதன் விஷத்துக்கு முறிமருந்து இல்லை. கடல் அட்டை, கடற்குதிரை, பவளத் துண்டு எதையும் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மேலே வந்த சில நிமிடங்களில் யாராவது மயங்கினாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ, வாயில் ரத்த நுரை வந்தாலோ, மல்லாக்கப் படுக்க வைத்து நூறு சதவீத ஆக்சிஜன் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுங்கள், 108-ஐ அழையுங்கள். மறுபடி தண்ணீருக்குள் இறக்கவே கூடாது. "ஸ்கூபா போட்டு வந்தவர்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பயணத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முங்கும்போது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழாகலாம். ஒரே ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பல முங்கல்கள் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் மதுரையில் விமானம் ஏறலாம். ராமேஸ்வரம் முடித்துக் கொடைக்கானல் போகும் சுற்றுலாத் திட்டத்துக்கும் இதே கணக்குதான். கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவு முங்கிவிட்டு விடியற்காலை வண்டி எடுப்பவர்கள் வரிசையை மாற்றி, மலையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.